சோதித்தறிவது அவிசுவாசமா? சபையின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த ஒன்றை முன்வைத்து

பாளையங்கோட்டை வாசகர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியில்) சென்ற மாதம் நடந்த ஒன்றை, பாதிக்கப்பட்ட பாட்டியம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இங்கே எழுதுகிறேன். சபையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். யாரும் ஊகித்து எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு புதன்கிழமை மாலை, எங்கள் ஐயரவர்களின் (சபைப் போதகரின்) எண்ணிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியையான அந்தப் பாட்டியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நம் சபைக் குடும்பம் ஒன்றில் பிள்ளைக்கு அவசர அறுவைச் சிகிச்சை, இன்று இரவுக்குள் 18,000 ரூபாய் கட்டியாக வேண்டும், கீழே கொடுத்துள்ள எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தந்துவிடுகிறேன் என்று அதில் இருந்தது. அதன் கடைசி வரிதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. அந்தக் குடும்பத்தார் கூச்சப்படுகிறார்கள், ஆகவே யாரிடமும் சொல்ல வேண்டாம், வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்காட்டியிருந்தார்கள். பாட்டியம்மா உடனே அனுப்பினார். இரண்டு மணி நேரம் கழித்து, மருந்துக்கு என்று இன்னும் 7,000 ரூபாய் கேட்டு வந்தது, அதையும் அனுப்பினார்.

ஐயரவர்கள் இவற்றில் ஒன்றையும் எழுதவில்லை. அன்று மதியம், அவருடன் இறையியல் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவரின் எண்ணிலிருந்து, தமக்கு வர வேண்டிய ஆறு இலக்க எண் தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். நண்பர்தானே என்று இவரும் அனுப்பியிருக்கிறார். அந்த நண்பரின் கணக்கு முந்தின நாளே பறிபோயிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது.

வியாழக்கிழமை காலையில் சபைச் செயலர் குழுவில் எச்சரிக்கை போட்டார். பாட்டியம்மா அதைப் படித்தார். தாம் ஏமாற்றப்பட்டது அந்த நிமிடமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஞாயிறு வரைக்கும் தம் மகளிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் இப்படி ஏமாந்துவிட்டேனே என்று அழுதார்.

அடுத்து நடந்த சபைக் கமிட்டிக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன்: யாருடைய பெயரில் பணம் கேட்டு வந்தாலும், நேரிலோ தொலைபேசியிலோ உறுதிசெய்யாமல் எவரும் அனுப்பக் கூடாது என்று சபையே அறிவிக்க வேண்டும். மூத்த உறுப்பினர் ஒருவர் மிகுந்த வருத்தத்தோடு, "ஐயர் கேட்டாரா என்று ஐயரிடமே கேட்டுச் சரிபார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டால், விசுவாசக் குடும்பம் என்று நம்மைச் சொல்லிக்கொள்வதில் என்ன அர்த்தம்?" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர், மனதாரக் கேட்டார். எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. இங்குள்ளவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கணினிப் பணியாளர், கோயம்புத்தூர்

முதலில் நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே வலை இன்னும் பல சபைகளில் விரிக்கப்பட்டிருக்கிறது. வாட்ஸ்அப் கணக்கு என்பது கைப்பேசி எண்ணோடு கட்டப்பட்டது. திருடன் தன் கருவியில் ஐயரவர்களின் எண்ணைப் பதிவுசெய்ய முயன்றால், ஆறு இலக்க எண் ஐயரவர்களின் கைப்பேசிக்கே வரும். அதை அவர் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் முழுத் திருட்டும். இதில் கணினியை உடைக்கும் வித்தை எதுவும் கிடையாது. சில இடங்களில் எண்ணைக் கேட்காமல், நட்சத்திரக் குறியோடு தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொல்கிறார்கள். அது உங்களுக்கு வரும் அழைப்புகளைத் திருடனின் எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. பிறகு சரிபார்ப்பு எண்ணைக் குரல் அழைப்பாக வரவழைத்து அவனே கேட்டுக்கொள்கிறான். *#21# என்று அழுத்தினால் அழைப்புகள் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கலாம். ##002# என்று அழுத்தினால் திருப்பல்கள் எல்லாம் நீங்கும்.

கணக்கு போய்விட்டால் அதே எண்ணை உடனே மறுபடியும் பதிவுசெய்யுங்கள். புதிய ஆறு இலக்க எண்ணை இட்டதும் திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் ஏற்கெனவே இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான கடவு எண் ஒன்றை அமைத்துவிட்டிருந்தால் நீங்கள் உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க நேரலாம். அந்தக் கடவு எண்ணை நீங்கள் முந்திக்கொண்டு அமைத்திருந்தால் இந்தத் திருட்டே நடந்திருக்காது. அமைப்புகளுக்குள் சென்று அதை இயக்க இரண்டு நிமிடம் போதும்.

பாளையங்கோட்டை நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் துறையில், எண் சரியாக இருக்கிறது என்பதும் ஆள் சரியாக இருக்கிறார் என்பதும் இரண்டு வெவ்வேறு செய்திகள். பாட்டியம்மா எண்ணைப் பார்த்தார்; எண் உண்மையானது. இணையதள முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுச் சின்னத்தையும் மக்கள் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொண்டார்கள். அந்தப் பூட்டு, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையிலுள்ள வழி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று மட்டுமே சொன்னது. தளத்தை நடத்துபவர் யோக்கியர் என்று அது ஒருபோதும் சொல்லவில்லை. இந்தக் குழப்பத்தினாலேயே 2023-இல் கூகுள் குரோம் அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது. அண்ணன் ஏசாவைப்போல வேடமிட்டு வந்த மகன் யாக்கோபை ஈசாக்கு தடவிப் பார்த்தபோது சொன்னது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்: சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள். இரண்டு அடையாளங்கள் ஒன்றோடொன்று முரண்பட்ட நேரத்தில், கையில் கட்டியிருந்த ஆட்டுத்தோலை அவர் நம்பிவிட்டார்.

ஓய்வுபெற்ற குருவானவர், நாசரேத்து வட்டாரம்

அன்புத் தம்பி, அந்த மூத்த சகோதரரின் வருத்தத்தை நான் மதிக்கிறேன். நாற்பது வருஷம் ஊழியத்தில் இருந்தவன் என்ற முறையில் அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் அவரிடம் இரண்டு வேதபகுதிகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுங்கள்.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தம்மிடமிருந்து வந்ததுபோலத் தோன்றும் ஒரு நிருபத்தினால் கலங்காதிருங்கள் என்று பவுல் சபையாரை எச்சரிக்கிறார். அப்போஸ்தலரின் பெயரில் பொய்க் கடிதம் வரக்கூடும் என்பது முதல் நூற்றாண்டிலேயே சபைக்குத் தெரிந்திருந்தது என்று இதிலிருந்து விளங்குகிறது. அந்த நிருபத்தின் முடிவில், மூன்றாம் அதிகாரம் பதினேழாம் வசனத்தில், தம் கையெழுத்தினாலே வாழ்த்துதலை எழுதுவதாகவும், நிருபங்கள்தோறும் இதுவே அடையாளம் என்றும் சொல்கிறார். அந்நாளில் கடிதத்தை ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவது வழக்கம். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் அதை எழுதிய தெர்தியு தம் பெயரையே குறிப்பிட்டு வாழ்த்துகிறார். ஆகையால் கடிதம் முழுவதும் வேறொருவரின் எழுத்தாக இருந்தாலும், கடைசி வரிகள் பவுலின் கைப்பட இருக்கும். கலாத்தியரிடம், எவ்வளவு பெரிய எழுத்துகளாய் எழுதுகிறேன் பாருங்கள் என்றே கேட்கிறார்.

தம்மைச் சரிபார்க்கும் வழியைப் பவுல் தாமே சபையின் கையில் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். எங்களைச் சந்தேகிக்கலாமா என்று அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போதகர் ஒருவர் தம் சபையாரிடம், என் பெயரில் பணம் கேட்டு வந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று பீடத்திலிருந்து சொல்வாரானால், அவர் பவுலின் வழியிலேயே நடக்கிறார். சபையார் அதைத் தாங்களாகச் சொல்லத் தயங்குவார்கள். ஆகையால் ஐயரவர்களே முதலில் சொல்ல வேண்டும்.

பண விஷயத்தில் பவுல் இன்னும் கண்டிப்பானவர். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையை அவர் தனியாகச் சுமந்து போகவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட ஒருவரையும் தம்மோடு சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று அதற்கான காரணத்தை இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் சொல்கிறார். வலதுகையும் இடதுகையும் பற்றிய வசனம், கொடுப்பவர் தம் பெருமைக்காகத் தாரை ஊதக் கூடாது என்பதற்காகச் சொல்லப்பட்டது. பணம் வாங்குகிறவர் அந்த வசனத்தைச் சொல்லி மறைவாகக் கேட்பாரானால், அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை உறுப்பினர்

பெரியவர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் சரிபார்ப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற எண்ணம் எனக்குக் கவலை தருகிறது. யோசுவாவின் ஒன்பதாம் அதிகாரத்தில், பக்கத்திலேயே குடியிருந்த கிபியோனியர் பழைய கோணிப்பைகளும் பூசணம் பூத்த அப்பமும் காட்டி, தூர தேசத்திலிருந்து வந்தோம் என்றார்கள். இஸ்ரவேலர் அவர்களைச் சோதிக்காமல் விடவில்லை. அப்பத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள், பார்த்தும் ஏமாந்தார்கள். இன்றைக்கு ஒருவருடைய குரலைச் சில விநாடிகள் பதிவுசெய்தாலே அதே குரலில் பேச வைக்கும் செயலிகள் வந்துவிட்டன. நம் போதகர்களின் பிரசங்கங்களோ மணிக்கணக்கில் யூடியூபில் கிடக்கின்றன. நாளைக்குத் தொலைபேசியில் ஐயரவர்களின் குரலே பணம் கேட்டால் என்ன செய்வீர்கள்?

என் இன்னொரு அச்சம், உண்மையாகவே தேவையில் இருப்பவர்களைப் பற்றியது. ஒரு விதவைத் தாய் நள்ளிரவில் உதவி கேட்டுச் செய்தி அனுப்பினால், நாம் இனிமேல் அதைத் திருடனின் செய்தி என்று நினைத்துத் தூங்கிவிடுவோம். 25,000 ரூபாய் போனதைவிட இது பெரிய நஷ்டம் என்று நினைக்கிறேன்.

கணினிப் பணியாளர், கோயம்புத்தூர்

மதுரை நண்பரின் இரண்டாவது அச்சம் என்னையும் யோசிக்க வைத்தது. அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில், சரிபார்ப்பது என்றால் அந்தத் தாயைத் திரும்பக் கூப்பிடுவது, முடிந்தால் வீட்டுக்கே போவது. உதவி உண்மையாகத் தேவைப்படுகிறவருக்கு அந்த அழைப்பு ஆறுதலாகத்தான் இருக்கும். கூப்பிடக் கூடாது என்று தடுப்பவன் திருடன் மட்டுமே.

குரல் விஷயத்தில், வந்த அழைப்பை நம்பாமல், நம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு நாமே சாதாரண அழைப்பாகக் கூப்பிட வேண்டும். வாட்ஸ்அப் கணக்கு திருடப்பட்டிருந்தாலும் சாதாரண அழைப்பு சிம் அட்டை உள்ள கைப்பேசிக்கே போகும். அழைப்புகள் திருப்பிவிடப்பட்டிருந்தால் மட்டும் இது பலிக்காது. அதனால் பெரிய தொகை என்றால் ஐயரம்மாவையோ சபைச் செயலரையோ இன்னொரு எண்ணில் கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் குடும்பத்தாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்திருக்கிறோம். நியாயாதிபதிகள் புத்தகத்தில் யோர்தான் துறையில் ஷிபோலேத் என்று சொல்லச் சொல்லி, உச்சரிப்பை வைத்து எதிரி யார் என்று கண்டுபிடித்தது போன்றதுதான். அங்கே அது கொலைக்குப் பயன்பட்டது, எங்களுக்கு அது அம்மாவின் சேமிப்பைக் காக்கப் பயன்படட்டும்.

தூத்துக்குடி வாசகி

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். எங்கள் அன்பியக் குழுவிலும் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) இதே கவலை உண்டு. இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்தத் திருடன் பிள்ளையின் அறுவைச் சிகிச்சை என்று எழுதினான். அப்படிப்பட்ட செய்தி எளிதில் நம்பப்படும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? நம் குழுக்களைத் திறந்து பாருங்கள். இன்னாருக்கு இன்ன மருத்துவமனையில் இத்தனையாம் வார்டில் இன்ன நோய், இன்ன தேதியில் சிகிச்சை, கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், வீட்டில் தனியாக இருக்கிறார் என்று செப விண்ணப்பங்களில் நாமே எல்லாவற்றையும் எழுதிவைக்கிறோம். இருநூறு பேர் உள்ள குழுவில் ஒருவருடைய கணக்கு பறிபோனால், அதற்குப் பின் வரும் விண்ணப்பம் ஒவ்வொன்றும் திருடனின் கண்ணில் படும்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். திருமணமாகி ஆறு ஆண்டுகள் குழந்தையில்லாமல் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தபோது, நெருங்கிய ஒருவரிடம் மட்டும் சொல்லி செபிக்கக் கேட்டேன். அவர் அன்பினால்தான், என் பெயரையும் சிகிச்சையின் விவரத்தையும் எழுதிக் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் திருப்பலிக்குப் போனபோது எனக்குப் பழக்கமில்லாத ஒருவர் வந்து மருத்துவரின் பெயரைக் கேட்டார். நான் இரண்டு மாதம் அந்தக் கோயிலுக்குப் போகவில்லை.

எங்கள் மரபில் ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவ அறிக்கையில்) கேட்டதை அருட்பணியாளர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், அதை மீறுபவரைக் குருத்துவப் பணியிலிருந்தே நீக்க வேண்டும் என்று விதித்தது. ஓர் ஆன்மாவின் இரகசியத்தை இவ்வளவு கவனமாகக் காத்த திருச்சபையின் பிள்ளைகளாகிய நாம், ஒருவரின் கர்ப்பப்பைச் செய்தியை ஒரு விரல் தொடுதலில் இருநூறு பேருக்கு அனுப்புகிறோம். பெயரையும் நோயையும் எழுதாமல், நம் சகோதரி ஒருவருக்காகச் செபியுங்கள் என்று எழுதினால் கடவுளுக்கு ஆள் தெரியாமலா போய்விடும்? எங்கள் அன்பியத்தில் இப்போது அப்படித்தான் எழுதுகிறோம். விவரம் சொல்ல விரும்புகிறவர் தாமே சொல்லலாம்.

வங்கி ஊழியர், நாகர்கோவில்

சுருக்கமாகச் சொல்கிறேன். இப்படி நடந்தால் முதல் வேலையாக 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இது உள்துறை அமைச்சகத்தின்கீழ் இயங்கும் சைபர் குற்ற உதவி எண். பணம் கைமாறிக்கொண்டே போகும் வழியில் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை முடக்கிவைக்க இவர்களால் முயல முடியும். ஆனால் நேரம் மிக முக்கியம். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பாட்டியம்மா நான்கு நாள் பேசாமல் இருந்தது அவருடைய தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் அந்த நான்கு நாளில்தான் பணம் போனது.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையைப் பலர் சுட்டிக்காட்டுகிறார்கள். வாடிக்கையாளரின் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று அது சொல்வது உண்மை. தாமே கடவு எண்ணை இட்டு அனுப்பிய பணத்துக்கு அது அப்படியே பொருந்தாது. இன்னொன்று: யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குக் கடவு எண் தேவையே இல்லை; பணம் வர வேண்டுமென்றால் கடவு எண்ணை இடுங்கள் என்று யார் சொன்னாலும் அது மோசடி.

ஞாயிறுபள்ளி ஆசிரியை

நானும் அந்த நான்கு நாள் மௌனத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன், வயது பதினைந்து, இணையத்தில் பழகிய யாரோ ஒருவருக்குத் தன் படத்தை அனுப்பிவிட்டு, பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்ற மிரட்டலில் மூன்று வாரம் தவித்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "கடவுள் என்னைத் தண்டிக்கிறார் என்று நினைத்தேன், அக்கா" என்றான். நாங்கள் கற்றுக்கொடுத்த பாவத்தைப் பற்றிய பாடங்கள் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. கெட்டுப்போய்த் திரும்பிய மகனை அணைத்துக்கொள்ள ஓடிவந்த தகப்பனைப் பற்றிய பாடம் அந்த நேரத்தில் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. அது எங்கள் போதனையின் குறை என்று நான் ஒப்புக்கொள்கிறேன்.

பணம் கொடுக்காமல், செய்திகளை அழிக்காமல் சாட்சியாக வைத்துக்கொண்டு, பெற்றோருடன் காவல் நிலையத்துக்குப் போனோம். சபையின் பெயர் கெட்டுவிடும், பேசாமல் விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகளுக்கான 1098 எண்ணையும், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவையையும் ஆசிரியர்கள் எல்லாரும் தெரிந்துவைத்திருங்கள். அந்தச் சேவையில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் கருவியிலேயே படத்துக்கு ஓர் எண்கோவை உருவாக்கப்பட்டு, அது மட்டுமே பங்குபெறும் தளங்களுக்குப் போகிறது.

அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வந்து சிறியவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறான்.

பாளையங்கோட்டை வாசகர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் என் நன்றி. பெரியவர் சொன்னபடி தெசலோனிக்கேயர் நிருபத்தின் இரண்டு இடங்களையும் மூத்த உறுப்பினரிடம் வாசித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இந்தக் கையெழுத்து வசனத்தை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன், எதற்காக எழுதினார் என்று யோசித்ததில்லை என்றார். சென்ற ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் ஐயரவர்கள் தாமே எழுந்து, ஆறு இலக்க எண்ணைக் கொடுத்தது தம் பிழை என்று சபையார் முன்னிலையில் சொல்லி, இனி தம் பெயரில் பணம் கேட்டு வந்தால் தம்மையோ சபைச் செயலரையோ கூப்பிட்டுக் கேட்கும்படி வேண்டிக்கொண்டார். காணிக்கைக்கான கியூ.ஆர். அட்டைக்குக் கீழே, பணம் அனுப்பும்போது திரையில் தெரிய வேண்டிய கணக்கின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். தூத்துக்குடிச் சகோதரியின் பதிவைக் கமிட்டியில் வாசித்தோம். ஜெபக் குறிப்புகளைப் பற்றி இன்னும் ஒருமனதாக முடிவெடுக்கவில்லை, ஏனென்றால் பெயர் சொல்லி ஜெபிப்பதே எங்கள் வழக்கம் என்று சிலர் எண்ணுகிறார்கள்.

1930-இல் புகார் பதிவாகியிருக்கிறது. பணம் இதுவரை வரவில்லை. ஆராதனைக்குப் பிறகு வாலிபர் சங்கத்தார் மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிக் கொடுத்தார்கள். பாட்டியம்மா வரிசையில் முதலாவதாக நின்றார். வருகிற வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் சாட்சி சொல்லும் முறை அவருடையதாம். நடந்ததைத் தாமே எழுந்து சொல்லப்போவதாகவும், பெயரை மறைக்க வேண்டாம் என்றும் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.